ஆற்றங்கரையில் நான் போட்ட சத்தம்

தம்பி,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பதை இன்று காலை வாட்ஸ்அப் குடும்பக் குழுவிலேயே பார்த்துவிட்டேன். “மே மாதம் மறுபடியும் அதே ஆறு, அதே முகாம், இந்த முறை ஜெனியும் படகில்” என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே போன வருடத்து வீடியோவைத் தூசி தட்டி எடுத்துப் போட்டிருக்கிறாய். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, என் கையால் வாங்கிய காபியைக் குடித்துக்கொண்டே அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அவரை ஒரு பார்வை பார்த்தேன். “சின்னப் புள்ளைக விளையாட்டு, விடு” என்றார். முப்பத்தாறு வயது உனக்கு. காதோரம் நரைத்துவிட்டது. எந்தக் கணக்கில் நீ சின்னப் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று உன் அப்பாவும் சொன்னார். ஆனால் நீ என்னை எல்லோரும் பார்க்கும்படி போட்டாய். ஆகவே நானும் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இது அதே குழுவில் வரும். பதிலுக்குப் பொம்மை போடாதே, வார்த்தையில் எழுது.

அந்த வீடியோவில் என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இருபது நொடி ஓடும். இடுப்பளவு தண்ணீரில் நான் நிற்கிறேன். சேலை தண்ணீரில் பரந்து கிடக்கிறது. வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. கை இரண்டும் காற்றில் அலைகின்றன. பின்னால் ஒருவர் என் தோளைப் பிடித்து இழுக்கிறார். என் குரல் ஒரு எழுத்துகூடக் கேட்காது. அதை எடுத்துவிட்டு, கோமாளி வரும்போது வாசிக்கிற மாதிரி ஒரு இசையைச் சேர்த்திருக்கிறாய். மேலே “எங்க அம்மா ரியாக்‌ஷன்” என்று எழுத்து. குழுவிலிருந்து அது ஊர் முழுக்கப் பரவியது. ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில், என்னிடம் ஏழாம் வகுப்பு படித்து இப்போது கண்டக்டராக இருக்கிறவன் படியில் தொங்கிக்கொண்டே கேட்டான், “என்ன டீச்சர், ஆத்தப் பார்த்து அம்புட்டுப் பயமா?” என்று. ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் சபைப் போதகர் ஐயர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, அடுத்த தடவை வாயை அப்படித் தொறக்காதீக, மீனு உள்ள போயிரும்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைத் திறந்துவிட்டது நான் பெற்ற பிள்ளை.

கேலி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்குக் கேலி புதிதில்லை. இன்று காலை நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. “ஜெனியும் படகில்” என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு. என் பேத்திக்கு ஒன்பது வயது. போன வருடம் உன்னைக் கவிழ்த்துப் போட்ட அதே தண்ணீரில், கொஞ்சம் அமைதியான பகுதி என்று எவனோ சொன்னதை நம்பி அவளை உட்காரவைக்கப் போகிறாய். உனக்கு நீந்தத் தெரியாது. உன் மனைவி பெனிட்டாவுக்கும் தெரியாது. நான் உயிரோடு இருக்கிறவரை இது இப்படியே நடக்காது. ஏன் நடக்காது என்று சொல்ல எனக்கு ஒரு வரி போதாது. ஏனென்றால் இதில் பாதிக் குற்றம் என்னுடையது, அதையும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

முதலில் உனக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன். அந்தப் பயணம் நல்ல பயணம். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, நீயே பலகை அறுத்துக் கட்டில் போட்டாய். கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஒரு இம்மி இடம் வீணாகாமல் அடுக்கினாய். விடியற்காலை மதுரைக் காளவாசலைத் தாண்டித் திண்டுக்கல் சாலையைப் பிடித்தபோது, “ம்மா, இதே ரோட்டுல நேரா போய்க்கிட்டே இருந்தா டில்லிய தாண்டிப் போயிரலாம்” என்றாய். தினம் பார்க்கிற சாலை அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தெலுங்கானாவில் ஒரு புளியமரத்தடியில் உப்புமா கிண்டினேன். நாக்பூர் தாண்டி, லாரிக்காரர்களுக்கு நடுவே கூடாரம் அடித்து, அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தரையோடு தரையாகத் தூங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடும்போது நீ சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. “ஜெனியப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்மா, நீயும் வாயேன்.” ஆள் வேண்டும் என்றாய். அம்மா வேண்டும் என்று சொல்லவில்லை. சரி, அதையும் விடு.

வழி நெடுக வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுவார்களே, ஆளுக்கொன்று எடுக்கிற, பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை. நீ பெங்களூரில் இருந்ததால் உனக்கும் சேர்த்து நான்தான் எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன், பிறகு கூரியரில் அட்டையையே அனுப்பினேன். அந்த வருடம் உனக்கு வந்தது தண்ணீரைப் பற்றிய வசனம். ஆறு உன்னை ஒன்றும் செய்யாது என்கிற மாதிரியான வாக்கு. அதைப் பார்த்ததும் நீ என்ன செய்தாய்? நல்லது என்று ஜெபித்துவிட்டு வேலையைப் பார்த்தாயா? ஆற்றைத் தேடிப் புறப்பட்டாய். வசனம் வந்துவிட்டது, ஆறு மட்டும்தான் பாக்கி என்று கிளம்பியவன் நம் சபையிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். மற்றவர்களுக்கு அது ஆறுதல். உனக்கு அது டிரைவிங் லைசென்ஸ்.

மலையை விட்டுக் கங்கை இறங்கி வருகிற அந்த இடத்துக்கு ஐந்தாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். பச்சை நிறத் தண்ணீர், ஐஸ் மாதிரி குளிர். பாறையில் மோதுகிற இடங்களில் மட்டும் வெள்ளையாகப் பொங்கியது. மறுநாள் காலை முகாமில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, இரத்த வகை, நீச்சல் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. உனக்கும் பெனிட்டாவுக்கும் தெரியாது என்று எழுதினாய். எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே, “நமக்குத்தான் வாக்குத்தத்தம் இருக்கே” என்றாய் அவளிடம். அப்புறம் படிவம் வாங்கிய பையன் என்னைக் காட்டி ஏதோ இந்தியில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். “நோ, நோ. மதர் நோ ஸ்விம்மிங். ஒன்லி சிட்டிங்.” என் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. என் கையில் உங்கள் செருப்பும் பையும் வந்தன.

தம்பி, இப்போது உட்கார்ந்து படி. எனக்கு நீந்தத் தெரியும். அந்த வேனில் வந்தவர்களிலேயே நீந்தத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நம்பிக்கை வரவில்லையா? இன்னும் கேள். மேலூர்ப் பக்கம் என் அம்மா வீட்டை உனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது, பிறர் வயலில் கூலி வேலை. ஊர்க் கிணற்றில் எங்கள் தெருப் பிள்ளைகள் காலை வைக்க முடியாது. வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு இருந்தது கல்குவாரிப் பள்ளம். கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும். படிக்கட்டு கிடையாது, கரை என்று ஒன்று கிடையாது, இறங்கினால் உடனே ஆழம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்களுக்கு ஆழம் தெரியும், வேறு இடம்தான் இல்லை. மூடி இறுக்கிய எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு குதித்தோம். பத்து நாளில் டின்னை அவிழ்த்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் அந்தப் பள்ளத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நாலு தடவை நிற்காமல் நீந்துவேன். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பேன். அங்கே படித்த பாடத்தில்தான் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது.

பிறகு உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். இந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வாத்தியார் வேலை. கல்யாணமான முதல் மே மாதம் எல்லோரும் பாபநாசம் போனோம். தாமிரபரணியைப் பார்த்ததும் எனக்குக் கை கால் நிற்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் இறங்கி நடு ஆறுவரை போய்த் திரும்பினேன். உன் அப்பா கரையில் நின்று கை தட்டினார். கரையேறியதும் உன் அப்பத்தா துண்டை நீட்டினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “டீச்சர் வேலைக்குப் போற பொம்பள இப்பிடித் தவளை மாதிரி தண்ணியில கெடந்தா, நாலு பேரு எந்தத் தெருன்னு கேப்பாக.” அவர்களும் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அப்படியொரு தெருவிலிருந்து வந்தவர்கள்தான். அந்தத் தெருவை மறைத்து வைக்க அவ்வளவு பாடுபட்டிருந்தார்கள், நான் ஒரே குதியில் காட்டிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம் வந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவள் அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. உன் அப்பாவிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அந்த ஒரு சத்தியத்தை மட்டும் அவர் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்.

உனக்குப் பதினோரு வயதில் நடந்தது நினைவிருக்கும். நினைவில்லாவிட்டால் உன் முட்டியில் தழும்பு இருக்கிறது, பார்த்துக்கொள். இப்போது வீட்டுமனையாகிவிட்ட அந்தத் தோட்டத்துக் கிணற்றில் நீ நண்பர்களோடு நீச்சல் பழகுகிறாய் என்று பால்காரர் வந்து சொன்னார். பாதிச் சமையலில் ஓடினேன். நீ பம்புசெட் குழாயைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தாய். நன்றாகத்தான் உதைத்தாய். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மிதந்திருப்பாய், எனக்குத் தெரியாதா? அப்படியே கையைப் பிடித்து மேலே இழுத்தேன், முட்டி சிராய்ந்து ரத்தம் வந்தது. உன் நண்பர்கள் முன்னாலேயே அடித்தேன். “நம்ம குடும்பத்துல யாருக்கும் தண்ணி ஒத்துக்காது, தெரிஞ்சுக்க” என்றேன். நீ அழுதுகொண்டே, “ஏம்மா ஒத்துக்காது?” என்று கேட்டாய். பதில் சொல்லவில்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளை கிணற்றில் கிடந்தான் என்ற பேச்சு உன் அப்பத்தா காதுக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் காரணம். அந்த வாரமே வகுப்பில், உப்புத் தண்ணீரில் முட்டை ஏன் மிதக்கிறது என்று நாற்பது பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். என் பிள்ளையை மட்டும் மிதக்க விடவில்லை. நான் செய்த தப்புகளில் இதைவிடப் பெரிது எதுவும் இப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். படகில் ஏற்றுவதற்கு முன் மணலில் எல்லோரையும் நிறுத்தி ஒருவர் பாடம் எடுத்தார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினார், தரையில் படுத்துக் காட்டினார். விழுந்தால் மல்லாக்கப் படு, கால் இரண்டையும் ஆறு போகிற பக்கம் நீட்டு, எழுந்து நிற்க மட்டும் முயலாதே, பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உன்னைக் கவிழ்த்து அமுக்கிவிடும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வாத்தியார் ஒருவர் பாடம் எடுக்கும்போது இன்னொரு வாத்தியாரால் கவனிக்காமல் இருக்க முடியாது, நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நீ என்ன செய்துகொண்டிருந்தாய் தெரியுமா? ஹெல்மெட்டை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி உன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாய். என் வகுப்பாக இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

என்னையும் ஜெனியையும் ஜீப்பில் கொண்டுபோய் ஆறு பாறைகளுக்கிடையே சீறி இறங்குகிற மூன்றாவது பாய்ச்சல் இருக்கிற இடத்தில், ஒரு பெரிய பாறையில் உட்காரவைத்தார்கள். கயிற்றுச் சுருளோடு ஒரு காவல்காரர் நின்றார். பூனாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் எங்களுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார். உங்கள் படகு வளைவில் திரும்பி வந்தது. ஜெனி, “அப்பா, அப்பா” என்று கையை ஆட்டினாள். நீயும் துடுப்பை விட்டுவிட்டுக் கையை ஆட்டினாய். அடுத்த நொடி படகின் மூக்கு மேலே எழுந்தது, அப்படியே நின்றது, பக்கவாட்டில் சாய்ந்தது. பெனிட்டா படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி. நீ இல்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் உன் சிவப்பு ஹெல்மெட் வெளியே வந்தது. மிதவை ஜாக்கெட் உன்னைத் தூக்கித்தான் வைத்திருந்தது. ஆனால் நீ என்ன செய்தாய்? கால்களைக் கீழே விட்டுத் தரையைத் தேடினாய். எழுந்து நிற்கப் பார்த்தாய். உனக்கு முன்னால் வரிசையாகப் பாறைகள்.

ஜெனியின் கையை அந்தப் பூனா அம்மாளிடம் கொடுத்தேன். எப்படிப் பாறையை விட்டு இறங்கினேன் என்று தெரியாது. தண்ணீரில் இடுப்பளவு நின்றது மட்டும் தெரியும். காவல்காரர் ஒரு கையில் கயிற்றோடு, மறு கையால் என் தோளைப் பிடித்து இழுத்தார். அவர் மட்டும் பிடிக்காவிட்டால் நான் நீந்தி வந்திருப்பேன், வந்து இரண்டு பேரும் போயிருப்போம். அது வேறு விஷயம். நான் அழவில்லை, அம்மா ஐயோ என்று கத்தவும் இல்லை. இதுதான் கத்தினேன்: “மல்லாக்கப் படுடா! காலை முன்னால நீட்டு! எந்திரிக்காத, எந்திரிக்காதடா, மல்லாக்கப் படு!” நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அன்றைக்கு அதற்கு மேலும் போட்டேன். நீ திரும்பினாய். மல்லாந்து படுத்தாய். உன் கால் இரண்டும் மேலே வந்தன. முதல் பாறையைப் பாதத்தால் உதைத்து விலகிப் போனாய். கயிறு வந்து உன் மார்பில் விழுந்தது. கரையில் இழுத்துப் போட்டபோது உன் உதடு நீலமாக இருந்தது. முதலில் இருமினாய், அப்புறம் சிரித்தாய். “செம த்ரில்லும்மா!”

அன்று சாயங்காலம், முகாமுக்காகக் கரையில் நின்று வீடியோ எடுக்கிறவர் வந்து கிளிப்பைக் கொடுத்தார். நீயும் பெனிட்டாவும் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து பார்த்தீர்கள். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். “ஊருக்குப் போனதும் நீச்சல் கத்துக்கறியாடா?” என்று கேட்டேன். “ஜாக்கெட் இருக்கும்மா. அது என்னத்துக்கு?” என்றாய். அப்போதே சொல்லியிருக்கலாம், எனக்கு நீந்தத் தெரியும் என்று. தொண்டைவரை வந்தது. பெனிட்டா இருக்கிறாள், எப்படி, எங்கே கற்றீர்கள் என்று கேட்பாள், குவாரி வரும், தெரு வரும் என்று விழுங்கிவிட்டேன். பாபநாசத்தில் போர்த்திய துண்டு அந்தக் கரையிலும் என் தோளில் கிடந்தது. தேநீரைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மறுவாரம் வீடியோ வந்தது. உனக்கு நான் கத்தியது என்னவென்று கேட்டிருக்காது, ஏதோ பயத்தில் கூச்சல் போட்டேன் என்று நினைத்துத்தான் விளையாட்டாகப் போட்டிருக்கிறாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து மாதம் அந்தச் சமாதானத்தில் ஓட்டினேன். போன மாதம் பெனிட்டா போனில் பேசும்போது, அவளுக்கே தெரியாமல் சொல்லிவிட்டாள். “அத்தை, உங்க சத்தம் கேட்டுத்தான் அவரு திரும்பிப் படுத்தாராம். இல்லாட்டி கால் மாட்டியிருக்குமாம். ரெண்டு மூணு தடவை தூக்கத்துல பொலம்பிட்டாரு. உங்ககிட்ட சொல்லுங்கன்னா, வெக்கமா இருக்குங்கறாரு.” அவளைத் திட்டாதே. அவள் சொன்னது நல்லதுக்குத்தான்.

கேட்டிருக்கிறது உனக்கு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கிறது. கேட்டு, அதன்படி செய்து, பிழைத்து வந்து, பிறகு உட்கார்ந்து நிதானமாக அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுக் கோமாளி இசையைச் சேர்த்திருக்கிறாய். நீ பயந்ததை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக நான் பயந்ததாக ஊருக்குக் காட்டினாய். இது விளையாட்டு இல்லை தம்பி, அநியாயம். வேறு யார் செய்திருந்தாலும் அவர்கள் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் புத்தி உனக்கு எங்கேயிருந்து வந்தது? வெட்கத்தை மறைக்க உண்மையை அமுக்குகிற வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கிணற்றடியில் ரத்தம் ஒழுகுகிற முட்டியோடு “ஏம்மா?” என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லாதவள் நான். நீச்சலைத் தவிர மற்றதெல்லாம் என்னிடம் ஒழுங்காகக் கற்றிருக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அந்த அட்டை உனக்கு விழுந்ததில்லை. தட்டு என்னிடம் வந்தபோது உன் பெயரை நினைத்து நான் முதலில் எடுத்தது வேறு. பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். பதவி உயர்வுக்காக நீ மூன்று வருடமாகக் காத்திருந்தது என் மனதில் இருந்தது. இன்னுமா காத்திருக்கணும் என் பிள்ளை என்று தோன்றியது. யாரும் பார்க்காதபோது அதைத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். எல்லா அம்மாக்களும் செய்கிறதுதான், விசாரித்துப் பார். ஆண்டவர் கொடுத்ததை மாற்றினேன், நீ அதை நம்பி ஆற்றில் இறங்கினாய். உனக்கு உண்மையில் வந்த வாக்கு, கொஞ்சம் பொறு என்பதுதான்.

ஆகவே இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். போன மாதம் பெனிட்டா பேசிய அந்த வாரமே, இங்கே ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வளாகத்து நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்துக்குப் பெயர் கொடுத்தேன். அங்கே சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். “ஆன்ட்டி, பயமா இருந்தா கம்பியப் பிடிச்சுக்கங்க” என்றது. முழுக்கை உடுப்பு போட்டுக்கொண்டு இறங்கினேன். கை கால் மறக்கவில்லை, மூச்சுதான் மறந்திருந்தது. பாதியில் நின்று இருமினேன். நாலாம் நாள் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை போய்விட்டேன். அந்தப் பெண், “எங்க ஆன்ட்டி கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டது. “மேலூர்ப் பக்கம், கல்குவாரியில. எங்க தெருவுக்குக் கிணறு கெடையாதும்மா” என்றேன். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. “அப்பிடியா, அதான் இம்புட்டு நல்லா மிதக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டது. முப்பத்தேழு வருடம் இதற்காகவா பயந்தேன் என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

விடுமுறைக்கு ஜெனி பத்து நாள் இங்கே இருந்தாளே, அவளையும் இறக்கினேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன், பிள்ளையைக் கோபிக்காதே. இப்போது அவள் அறுபது எண்ணும்வரை மல்லாந்து மிதப்பாள். மே மாதத்துக்குள் நீந்திவிடுவாள். அவள் அந்தப் படகில் ஏறட்டும், நான் தடுக்கவில்லை. என் பயம் இப்போது அவளைப் பற்றியே இல்லை. அவள் தண்ணீரில் விழுந்தால் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார். கயிறு வரட்டும் என்று நிற்கமாட்டாய். குதிப்பாய். நானே அறுபத்திரண்டு வயதில் சேலையோடு இறங்கினேன், நீ குதிக்காமல் இருப்பாயா? நீந்தத் தெரியாத தகப்பன் குதித்தால், அவளை எடுக்கப் போகிற ஆள் முதலில் உன்னை எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அவள் எங்கே போயிருப்பாளோ.

அதனால் நீ பழகாமல் அவள் ஏறக்கூடாது. இதில் பேரம் கிடையாது. சனிக்கிழமை காலையில் அந்தக் குளத்தில் குடும்ப நேரம் உண்டு. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வா. முதல் வாரம் மிதக்க மட்டும். என் கையை உன் முதுகுக்குக் கீழே வைத்துக்கொள்வேன், பத்து எண்ணிவிட்டு எடுப்பேன். ஆறு வயதுப் பிள்ளைகள் உன்னைச் சுற்றி மீன் மாதிரி போய்வரும். அவர்களுடைய தகப்பன்மார் பார்ப்பார்கள். முப்பத்தாறு வயது ஆம்பிளையை அம்மா தாங்கிப் பிடித்திருக்கிறாளே என்று சிரிக்கவும் செய்வார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, அதைச் சுமந்துகொண்டுதான் உன்னைக் கிணற்றிலிருந்து இழுத்தேன், அதைச் சுமந்துகொண்டுதான் நீயும் என் குரலை அமுக்கினாய். போதும். தண்ணீரில் இறங்குகிறவர்கள் கனமானதைக் கரையில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆறரை மணிக்குக் குளம் திறக்கும். வெறும் வயிற்றோடு வா. அன்றைக்குக் கிணற்றில் தாங்கிப் பிடிக்க வேண்டிய கையை இப்போது பிடிக்கிறேன்.

அம்மா